கோமதி மதினி லடாக்குக்கு எழுதிய சிட்டை

செய்தி வந்தபோது என் முகத்தில் பாதிதான் மழித்திருந்தது. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரே நான் வழக்கமாகப் போகிற சலூன். வலது கன்னம் முடிந்து இடது கன்னத்தில் நுரை தடவியிருந்த நேரம், போன் அடித்தது. என் அண்ணன் மகன் முருகேசனின் பெண்டாட்டி டோல்மா. லடாக்கில் பிறந்த பெண். தமிழ் முழுவதையும் என் மதினியிடம் கற்றதால் குற்றாலத்துக்காரி மாதிரியே பேசுவாள்.

“சின்ன மாமா, அத்த கண்ண முழிக்க மாட்டேங்காவ. நாடி இல்ல. வாங்க.”

அவள் நர்ஸ். அவளே நாடி இல்லை என்று சொன்ன பிறகு எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

கோமதி மதினி என் அண்ணன் மனைவி. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், சீசனுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, ஒற்றை மகன் முருகேசனை வளர்த்து ராணுவத்துக்கு அனுப்பியவர். அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். பிழை இருந்தால் மதினியை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் துட்டி, அதாவது சாவு, விழுந்துவிட்டால் பங்காளிகள் பதினாறாம் நாள் வரை சவரம் செய்யக் கூடாது. ஒரு கன்னம் மழமழவென்று, ஒரு கன்னம் ஒரு வாரத்து முள்ளோடு, நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க வந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடினார்கள். அழுகையா சிரிப்பா என்று எனக்கா தெரியாது? அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் செய்த அத்தனை கேலிக்கும் மதினி ஒரே நாளில் பதில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மதினிக்கு ஒரே ஒரு எதிரிதான். ஈரம். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் சுவர் வேர்க்கும், தீப்பெட்டி உரசாது, துவைத்த வேட்டி நாலு நாள் ஆனாலும் கனக்கும். மதினி பீரோவில் கரித்துண்டு வைப்பார், பட்டுச்சேலைக்குள் வசம்பு வைப்பார், உப்பு ஜாடியைத் துணியால் கட்டி அதன் மேல் இன்னொரு துணி கட்டுவார். “எதையும் மூச்சு விடாம மூடி வைக்கக் கூடாது, அழுகிரும்” என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி அனுப்புகிற என் தொழிலும் அதையேதான் சொன்னது. கத்திரிக்காய் மூட்டையைக் காற்றோட்டம் இல்லாமல் கட்டினால் கொல்லம் போய்ச் சேருவதற்குள் கூழாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததே இல்லை. கடைசியில் எங்களைக் கவிழ்த்ததும் அதே விஷயம்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முருகேசன் போனில் பெண்ணைப் பற்றிச் சொன்னான். அவன் வேலை பார்க்கிற ஊர்ப் பெண், டோல்மா. மதினி ஒரு நாள் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டுவிட்டு, கல்யாணம் எங்கே என்று கேட்டார். பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு, இவ்வளவு தூரம் கூட்டி வர முடியாது, அதனால் கல்யாணம் லடாக்கில் அவர்கள் வீட்டு முற்றத்தில், நம் முறைப்படியும் அவர்கள் முறைப்படியும் என்று முடிவானது.

அன்றைக்கே மதினி ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, கொண்டு போக வேண்டிய சாமான்களுக்குச் சிட்டை போட ஆரம்பித்தார். நான் எட்டிப் பார்த்தபோது முதல் வரியிலேயே “குடை ஆறு” என்று இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. மலை என்றால் எங்களுக்கு மழைதான். மலை தெரிந்தால் மேகம், மேகம் என்றால் சாரல். மழையே இல்லாத மலை ஒன்று உண்டு என்று நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

முருகேசன் போனில் விளக்கினான். அங்கே காற்றில் ஈரமே கிடையாது, உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், குடை வேண்டாம், வாசலின் கொண்டு வா என்றான். மதினி குடையை அடித்துவிட்டு வாசலின் எழுதினார். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் “குடை ஒண்ணு” என்று மறுபடியும் சேர்த்துக்கொண்டார். அம்மி மிதிக்க அம்மிக்கல் கொண்டு வர வேண்டுமா, அங்கே கல் கிடைக்குமா என்று கேட்டார். அந்தப் பக்கம் அவன் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

“எம்மா, இங்கன கல்லத் தவிர வேற ஒண்ணுமே கிடையாது.”

நான் சும்மா இருந்தேனா? அங்கே காற்றே கம்மியாம், ஐந்தருவிக் காற்றைப் பலூனில் அடைத்து ஆளுக்கு நாலு கொண்டு போகச் சொல்லுகிறார்கள் மதினி என்று முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் சொன்னேன். அவர் அதையும் சிட்டையில் எழுதிவிட்டார். எழுதிய பிறகு என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த முறம் என் மேல் வந்து விழுந்தது.

ஆனால் அந்த நாட்களில் அவருக்குத் தூக்கம் இல்லை. கட்டிய பையை அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். மருமகளுக்குச் செய்த தாலி எங்கே என்று இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். இடுப்பில்தான் இருக்கும். நார்த்தங்காய், சுக்குப் பொடி, தேங்காய் எண்ணெய், பூண்டு, கம்பளி என்று நாலு பெட்டி நிறைந்தது. இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். “இல்லையேன்னு அங்கன போய் முழிக்கதுக்கு, இங்கன இருந்தே சுமந்துட்டுப் போயிரலாம்.” சிட்டையின் முன்பக்கம் முடிந்து பின்பக்கமும் எழுதினார். அதை நான் பார்க்கப் போனபோது தாளைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் மதினி என்னைக் கூப்பிட்டு ஓர் அரசங்கொப்பைக் கையில் கொடுத்தார்.

எங்கள் கல்யாணங்களில் மணவறையில் அரசாணிக்கால் நடுவோம். அரசமரத்துப் பச்சைக் கொப்பு ஒன்றில் மஞ்சள் துணி சுற்றி நட்டு வைப்போம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றி வருவார்கள். தாலி கட்டி முடிகிற வரை அது வாடாமல் இருக்க வேண்டும். பிறகு அதை ஈர மண்ணில் நட்டு, துளிர்த்தால் நல்லது என்பார்கள்.

மதினியின் கல்யாணம் வாசுதேவநல்லூரில், அவர் பிறந்த வீட்டில், சித்திரை வெயிலில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே கொப்பு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. நான் கொழுந்தன், கேலி பேச உரிமை உள்ளவன், வாய் சும்மா இருக்காத வயது. சபை நடுவில் சத்தமாகச் சொன்னேன்: “என்ன, கொப்பே இப்படி வாடிப் போச்சு. எங்க அண்ணன் எத்தன நாளைக்குத் தாங்குவான்?” எல்லோரும் சிரித்தார்கள். மணவறையில் தலையைக் குனிந்திருந்த பெண்ணுக்கும் அது கேட்டது.

அந்தக் கொப்பு துளிர்க்கவில்லை. பத்து வருடம் பிள்ளை இல்லை. பிறகு முருகேசன் பிறந்தான். அவனுக்கு மூன்று வயதாகும்போது அண்ணன் செங்கோட்டை ஸ்டேஷன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. நான் சொன்னதால் நடந்தது என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மதினி அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எடுக்காததுதான் எனக்குப் பயம். மறந்துவிட்டாரா, மறக்காமல் மடித்து வைத்திருக்கிறாரா என்று தெரியாமலே இத்தனை காலம் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன். கேலியை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டுவிடுவாரோ என்று அதற்கும் பயம்.

“கொழுந்தனாரே, இந்தக் கொப்பு உம்ம பொறுப்பு. வாடாம கொண்டாந்து சேக்கணும்” என்றார். கூட வந்த ஒன்பது பேரில் அதை ஏன் என்னிடம் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

அடியில் வாழைப்பட்டை சுற்றி, மேலே நனைத்த சாக்கு சுற்றி, பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தேன். மூடினால் அழுகிவிடும் என்று மதினி சொன்னார். தெரியாதா எனக்கு என்று சொல்லிவிட்டு, கோணி ஊசியை எடுத்துப் பை முழுவதும் ஓட்டை போட்டேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

மதுரைக்கு வேனில் போய், விமானம் ஏறி, டெல்லியில் மாறி, லடாக்கில் இறங்கினோம். ஒரு புல் பூண்டு இல்லாத மலை. மேலே நீலம் பூசின மாதிரி வானம். மதினிக்கு முந்தி நான்தான் மூச்சு வாங்கி உட்கார்ந்தேன். தலை வெடிக்கிற வலி. மதினி பெட்டியைத் திறந்து சுக்குப் பொடியை எடுத்தபடி, “பலூன் எங்க வே?” என்று கேட்டார். டோல்மாவின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முருகேசன் மட்டும் சுவரில் சாய்ந்து சிரித்தான். பெட்டியில் இருந்த அப்பளப் பாக்கெட்டும் மிக்சர் பாக்கெட்டும் தலையணை மாதிரி உப்பியிருந்தன. இங்கன காத்து இல்லேன்னு எவன் சொன்னான், எல்லாம் பாக்கெட்டுக்குள்ள இருக்கு என்று படுத்தபடியே சொன்னேன். வாயைத் திறக்க முடிகிற அளவுக்குத் தேறிவிட்டேன் என்று மதினி தைரியம் அடைந்தார்.

மறுநாள் அவர் ஒரு சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டார். அரை மணி நேரத்தில் அது காய்ந்து மொடமொடவென்று நின்றது. மதினி அதைத் தொட்டுப் பார்த்தார், முகத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் ஒன்பது பேர் துணியையும் கேட்டு வாங்கித் துவைத்தார். சம்பந்தி வீட்டுத் திரைச்சீலை வரைக்கும் போனதால் டோல்மா வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “இந்தக் காத்த ஒரு பெட்டில போட்டு நம்மூருக்குக் கொண்டு போவ முடியாதா?” என்று மதினி என்னிடம் கேட்டார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷம் இல்லை. சேலையைக் குடித்த காற்று கொப்பையும் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் சாக்கை நனைத்தால் மத்தியானம் சொட்டு ஈரம் இல்லை. நான் போட்ட ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வாய். ஓட்டையை அடைக்கத் துணி சுற்றினேன். தண்ணீர் தெளித்தேன். என் உதட்டுக்கு மதினி கொடுத்த வாசலினை இலைக்குத் தடவினேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே இலை ஓரம் சுருண்டுவிட்டது. மதினி வாசலில் நின்று “கொப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் உள்ளே வரவில்லை.

கல்யாணத்தன்று விடிந்ததும் பையைத் திறந்தேன். ஓர் இலையைத் தொட்டேன். பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. தொடாத இலைகள் தாமாகவே உதிர்ந்தன. என் கையில் ஒரு விறகுக் குச்சி இருந்தது. அடுத்த அறையில் மதினி தலை வாரிக்கொண்டிருக்கிற சத்தம். இன்னும் ஒரு மணி நேரத்தில் மணவறை.

முருகேசனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிறவனிடம் எதைச் சொல்வது? கொல்லைப் பக்கம் போனேன். அங்கே பெண்ணின் அப்பா வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. குச்சியைக் காட்டினேன். உதிர்ந்த இலையைக் காட்டினேன். முற்றத்தில் போட்டிருந்த மணவறையைக் காட்டினேன். பிறகு எப்படி வந்தது என்று தெரியாது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் உள்ளே போய் ஓர் அரிவாளை எடுத்து வந்தார். பத்தடி நடப்பார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடி பத்தடி நடப்பார். நானும் அவருக்கு ஜோடியாக மூச்சு வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பனி உருகி வருகிற தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதன் கரையில் மட்டும் மரங்கள். வேப்பிலையை இழுத்து நீட்டின மாதிரி ஒல்லி இலை. நல்ல கொப்பாகப் பார்த்து, நெற்றியில் ஒரு முறை ஒற்றிக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். கீழே ஈர மண்ணைக் காட்டி, குத்தி நடுகிற மாதிரி கையால் செய்து, விரல்களை மேலே விரித்துக் காட்டினார். நட்டால் துளிர்க்கும் என்கிறார். எங்கள் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கொப்பை நட்டு, மஞ்சள் துணியால் இலையை எவ்வளவு மறைக்க முடியுமோ அவ்வளவு மறைத்தேன். மதினி வந்தார். அரச இலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பட்டுச்சேலையும் ஸ்வெட்டருமாக அந்தக் கொப்பின் முன்னால் நின்றார். ஓர் இலையை விரலில் பிடித்து, நுனி வரை தடவினார். என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

“தண்ணி தெளிச்சீரா?” என்றார்.

“தெளிச்சேன் மதினி.”

“பச்சையாத்தான் இருக்கு” என்றார். நான் மறைத்து வைத்திருந்த துணியை அவிழ்த்து, இலையெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி தன் கையால் மறுபடி சுற்றினார். அவ்வளவுதான். மேளம் இல்லை, போனில் நாதஸ்வரம் வைத்தோம். முருகேசன் தாலி கட்டினான். அன்று முழுவதும் நான் ஒருவரையும் கேலி செய்யவில்லை. உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்டார்கள்.

அந்தக் கொப்பை வாய்க்கால் கரையில் நட்டோம். அடுத்த வருடம் அது ஆள் உயரம் வளர்ந்துவிட்டதாகச் சம்பந்தி போட்டோ அனுப்பினார். டோல்மா குற்றாலத்துக்கே வந்து மதினியோடு இருக்க ஆரம்பித்த சமயம் அது. முருகேசனை வேறு எல்லைக்கு மாற்றியிருந்தார்கள். சீசனுக்கு அறை கேட்டு வருகிறவர்களுக்குக்கூட மதினி அந்தப் போட்டோவைக் காட்டுவார். “எங்க கொழுந்தன் நட்டது” என்பார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். கேட்டிருக்கலாம். மூன்று வருடம் இருந்தது. கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இரண்டு கன்னத்தையும் மழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். டோல்மா அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கினாள். லடாக்குக்கு வந்த பெட்டி. அதன் மூடியில் இருந்த பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

“சின்ன மாமா, இது அத்த கையெழுத்துதானே. என்ன எழுதிருக்காவ? சத்தமா வாசிங்க.”

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். குடை ஆறு, அடித்திருக்கிறது. வாசலின். குடை ஒண்ணு. சுக்குப் பொடி. நார்த்தங்காய். பலூன் நாலு, அதை அடித்து, அடித்த கோட்டின் மேல் இன்னொரு கோடு. டோல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். முன்பக்கம் முடிந்தது. திருப்பினேன். அவர் கவிழ்த்து மேலே உட்கார்ந்துகொண்ட பக்கம். தலைப்பில், கொண்டு போகக் கூடாதவை என்று இருந்தது. விமானத்தில் விட மாட்டார்கள் என்று முருகேசன் சொல்லச் சொல்ல எழுதியது. தீப்பெட்டி. கற்பூரம். கொப்பரை. அரிவாள்மனை. ஒவ்வொன்றாக வாசித்தேன்.

ஐந்தாவது வரி: “கொழுந்தனார் அன்னைக்குச் சொன்னது.”

அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. “இன்னும் ஏதோ இருக்கே” என்று டோல்மா விரலை வைத்துக் காட்டினாள். கத்தின்னு போட்டிருக்கு தாயி என்று சொன்னேன்.

அவருக்கு ஒரு நாள்கூட மறந்திருக்கவில்லை. மகன் கல்யாணத்துக்குப் போகும்போது அதை இந்த வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, கொப்பை என் கையில் கொடுத்திருக்கிறார். நான்தான் அதை அவ்வளவு உயரத்துக்குச் சுமந்துகொண்டு போய், மூச்சு வாங்கி, திரும்பவும் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

மதினியின் நகை முருகேசனுக்கு, சேலைகள் டோல்மாவுக்கு. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது சாரல் காலம், சட்டைப் பையில் வைத்தால் நமுத்துப்போகும். பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டை போடவில்லை.